முன்சில்லின் முறையீடு

ஓடுகின்ற வண்டிக்குப் பேசத் தெரியும். அச்சிலே மை வற்றிய மாட்டு வண்டி கிறீச்சிடும்போது, அதனை ஓட்டிச் செல்பவன் காரணம் தேடி அலைவதில்லை. அந்த ஒலியின் பொருள் அவனுக்குத் தெரியும். மோட்டார் வண்டி தோன்றிய பின்னர் இந்தப் பேச்சு ஒரு குரலில் நில்லாது பல குரல்களாகப் பெருகிற்று. டொக்கென்று தட்டும் ஓசை, கடகடவென்று குலுங்கும் ஓசை, முனகல், கிறீச்சிடல், இரைச்சல் என அவை பல வகைப்படும். அவற்றுள் மிகுதியானவை வண்டியின் முன்பக்கத்திலிருந்தே எழுகின்றன.

அதற்குக் காரணம் உண்டு. பின்சில்லு உருளவும், பள்ளம் மேட்டுக்கு ஏற்ப உயர்ந்து தாழவும் அறிந்தாற் போதும். முன்சில்லோ இவ்விரண்டையும் செய்வதோடு, சாரதியின் கைக்கு இணங்கி இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். பிறேக் அழுத்தும் வேளையில் வண்டியின் பாரமும் முன்னோக்கிச் சாய்ந்து அதன் மேலேயே விழுகின்றது. இத்தனை அசைவுகளுக்கும் இடங்கொடுக்கப் பல மூட்டுகள் வேண்டும். மூட்டு உள்ள இடத்தில் உராய்வு உண்டு. உராய்வு உள்ள இடத்தில் தேய்வு உண்டு. தேய்வு உள்ள இடத்தில் என்றோ ஒருநாள் ஓசை உண்டு. இவ்வோசைகளை அடக்க மனிதன் இருநூறு ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறான். அம்முயற்சியின் வரலாற்றைப் பார்க்குங்கால் ஓர் உண்மை புலப்படுகின்றது. ஓரிடத்தில் அடங்கிய ஓசை வேறோரிடத்தில் வேறொரு குரலில் மீண்டும் பிறந்திருக்கிறது. அடங்கிய ஓசையெல்லாம் நீங்கிய ஆபத்து அன்று.

குதிரை வண்டிக் காலத்திலிருந்தே இந்த வரலாறு தொடங்குகின்றது. தோல் வார்களிலே தொங்கவிடப்பட்ட வண்டிக் கூடுகள் ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1804ஆம் ஆண்டளவில், ஒபதையா எலியற் என்னும் ஆங்கிலேயர் எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீள்வட்ட வடிவில் அமைத்த வில்லைக் குதிரை வண்டிக்குப் பொருத்தினார். வண்டியின் ஓட்டம் இலகுவாயிற்று. ஆனால், வில் வளையும்போதெல்லாம் அதன் தகடுகள் ஒன்றோடொன்று உரசின. மழையில் நனைந்து துருப்பிடித்த பின்னர் அவை முனகத் தொடங்கின. தகடுகளுக்கு இடையே எண்ணெய் விடுவது வண்டிக்காரனின் புதிய கடமையாயிற்று.

அதற்குச் சில ஆண்டுகளின் பின், ஜேர்மனியின் மியூனிக் நகரத்து வண்டி செய்வோரான லங்கென்ஸ்பேர்கர் வேறொரு மாற்றத்தைக் கண்டார். அதுவரை வண்டி திரும்பும்போது முன்னச்சு முழுவதும் நடுவிலிருந்த ஓர் ஆணியிலே திரும்பிற்று. அச்சை அசையாது நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஆணி வைத்து, இரு சில்லுகளையும் தனித்தனியே திருப்பலாம் என்பது அவர் கண்ட வழி. 1818இல் லண்டனிலே றூடொல்ஃப் அக்கர்மன் இதற்குக் காப்புரிமை பெற்றமையால், அம்முறை இன்றளவும் அக்கர்மனின் பெயராலேயே வழங்குகின்றது. அச்சு முனையில் நின்ற அந்த ஆணியே பின்னாளில் மோட்டார் வண்டியின் ‘கிங்பின்’ ஆயிற்று.

ஆகவே, முதல் மோட்டார் வண்டிகள் குதிரை வண்டியிடமிருந்து அதன் வில்லையும் ஆணியையும் அவற்றின் ஓசைகளையும் சேர்த்தே பெற்றுக்கொண்டன எனலாம். கிங்பின் சுழல்வதற்கு வெண்கலக் குழல்கள் இட்டனர். அக்குழல்களுக்கு இடையறாது கிறீஸ் வேண்டியிருந்தது. ஒஸ்கார் ஸேர்க் என்பார் 1929இல் காப்புரிமை பெற்ற சிறு நிப்பிள் இவ்வேலையை எளிதாக்கிற்று. கிறீஸ் துப்பாக்கியின் வாயை அதன்மேல் வைத்து அழுத்தினால் புதிய கிறீஸ் உள்ளே செல்லும். அழுக்கேறிய பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும். இப்பணிக்காக வண்டியின் கீழே புகுந்தவன் தளர்ந்த ஆணியையும் வெடித்த தகட்டையும் கண்ணாற் கண்டான். கிறீஸ் இடுதல் என்பது உண்மையில் ஒரு மருத்துவப் பரிசோதனையாகவும் அமைந்திருந்தது.

1920களிலே புதியதொரு நோய் தோன்றிற்று. காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சில்லுப் பிறேக்குகளும் பரவிய காலம் அது. குறிப்பிட்ட வேகத்தை அடைந்ததும் முன்சில்லுகள் இரண்டும் தாமாகவே இடமும் வலமும் வெடவெடவென்று ஆடலாயின. சுக்கான் சாரதியின் கையை உதறிற்று. தளர்ந்த மூட்டே காரணம் என எண்ணிப் பலர் ஆணிகளை இறுக்கினர். மூட்டு இறுகிய பின்னரும் ஆட்டம் முழுவதும் ஒழியவில்லை. நோயின் வேர் வேறிடத்தில் இருந்தது. இரு சில்லுகளும் ஒரே இரும்பு அச்சிலே பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு சில்லு கல்லில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். மறு சில்லும் சாயும். சுழல்கின்ற சில்லைச் சாய்த்தால் அது பம்பரம்போலப் பக்கவாட்டிலே திரும்ப முனையும். நோய் தோன்றும் இடமும் நோய்க்குக் காரணமான இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டியதில்லை என்ற பாடத்தை மோட்டார்ப் பொறியியல் அக்காலத்திலே கற்றுக்கொண்டது.

மருந்து யாதெனில், இரு சில்லுகளையும் பிரித்துவிடுவதே. இத்தாலியின் லன்சியா நிறுவனம் 1922இல் வெளிக்காட்டிய லம்டா என்னும் காரில் முன்சில்லுகள் தனித்தனியே உயர்ந்து தாழ்ந்தன. றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்திலே பயின்ற மொறிஸ் ஒலி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1930இல் அமெரிக்காவின் கடிலக் நிறுவனத்திற் சேர்ந்து இத்துறையை முறையாக ஆராய்ந்தார். அதன் பயனாக 1934இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கார்கள் தனித்தியங்கும் முன்சில்லுகளோடு வெளிவந்தன. அதே ஆண்டிலே பிரான்சு நாட்டுச் சிற்றோவென் நிறுவனமும் முறுக்குத் தண்டுகளைக் கொண்ட காரொன்றை வெளியிட்டது. சில்லுகளின் வெடவெடப்பு பெரிதும் தணிந்தது. ஆனால், ஓர் அச்சு நின்ற இடத்தில் இப்போது பக்கத்துக்கு மேற்கரம் ஒன்றும் கீழ்க்கரம் ஒன்றும் வந்து நின்றன. ஒவ்வொரு கரத்தின் இரு முனைகளுக்கும் மூட்டு வேண்டும். ஓசை பிறக்கக்கூடிய இடங்கள் பல மடங்காயின.

இம்மூட்டுகளை மௌனமாக்க வந்த பொருள் றப்பர் ஆகும். பிரேசில் நாட்டிலிருந்து எடுத்துவரப்பட்ட றப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்திலே முளைத்து, 1876இல் நாற்றுகளாக இலங்கையை அடைந்தன. அவற்றை வளர்த்த ஹெனரத்கொடைத் தோட்டம் ஆசியாவின் றப்பர்ச் செய்கைக்கு ஒரு தாய்வீடு. உலகத்து மோட்டார் வண்டிகளின் மூட்டுகளிலே பின்னாளிற் புகுந்த றப்பருக்கு இத்தீவோடும் இவ்வாறு உறவுண்டு. உள்ளே ஒரு குழல், வெளியே ஒரு குழல், இடையே இறுகப் பற்றிய றப்பர் என்பதே ‘புஷ்’ஷின் அமைப்பு. கரம் அசையும்போது உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை; றப்பர் சற்றே முறுகி மீள்கின்றது. கிறீசும் வேண்டுவதில்லை. இத்தகைய புஷ் ஒன்றுக்கு வழங்கிய ‘சைலன்ற்புளொக்’ என்ற வணிகப் பெயரிலேயே மௌனம் என்னும் பொருள் பொதிந்திருக்கிறது.

எனினும், றப்பர் மூப்படையும். வெயிலும் வெப்பமும் அதனை வெடிக்கச் செய்யும். கசிகின்ற எந்திர எண்ணெய் அதனை ஊதவைத்து நெகிழ்த்துவிடும். பற்று விட்ட றப்பர் குழலின்மேல் வழுக்கும்போது கிறீச்சிடும். தேய்ந்து இடைவெளி விழுந்த பின்னர் டொக்கென்று தட்டும். கிறீச்சொலி எந்தப் புஷ்ஷினது என்று அறிய எளிய சோதனையொன்று உண்டு. ஐயத்துக்குரிய புஷ்ஷின்மேல் சிறிது தண்ணீர் தெளித்து வண்டியை அமுக்கிப் பார்த்தல் வேண்டும். ஒலி சிறிது நேரம் மறைந்தால் குற்றவாளி அகப்பட்டான் என்று கொள்ளலாம். தண்ணீருக்குப் பதிலாக எந்திர எண்ணெய் விடுவோரும் உளர். அன்றைய கிறீச்சொலியை அது அடக்கிவிடும். சில மாதங்களில் றப்பரையே அழித்துவிடும். ஓசையை அடக்குதல் வேறு, ஓசையின் காரணத்தை நீக்குதல் வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பதை மொறிஸ் மைனர் காரின் வரலாறு காட்டும். சிமேர்னா நகரிலே 1906இல் பிறந்த அலெக் இசிகோனிஸ், சில்லுகளின் அமைப்பையே தம் முதன்மையான ஆராய்ச்சியாகக் கொண்டு 1936இல் மொறிஸ் நிறுவனத்திற் சேர்ந்தார். அவர் அமைத்த மைனர் 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் அதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. இலங்கையின் வீதிகளில் அது பெற்ற இடத்தை அறியாதார் இல்லை.

அதன் முன்சில்லு அமைப்பு சிக்கனமும் நுட்பமும் பொருந்தியது. வண்டியின் நீளப் போக்கிலே கிடக்கும் முறுக்குத் தண்டு வில்லின் வேலையைச் செய்கின்றது. அதிர்வுதாங்கியின் கையே மேற்கரமாகவும் பயன்படுகின்றது. சில்லைத் தாங்கி நிற்கும் நிமிர்ந்த கிங்பின்னின் இரு முனைகளிலும் திருகாணிபோலப் புரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரிகள் ‘ட்றன்னியன்’ எனப்படும் உலோகக் கட்டைகளுக்குள் இறங்கி நிற்கும். சுக்கானைத் திருப்பும்போது கிங்பின் தன் புரிகளிலேயே திரும்பும். முறுக்குத் தண்டு கீழ்க்கரத்தை நிலத்தை நோக்கி அழுத்துகின்றது. நிலமோ சில்லை மேலே தள்ளுகின்றது. எனவே, கீழ்ப்புரி எந்நேரமும் பிரித்திழுக்கும் விசையைத் தாங்கியே நிற்கின்றது.

அப்புரிக்குக் கிறீஸ் தவறாது கிடைத்தால் அது நெடுங்காலம் உழைக்கும். ஆயிரம் மைல் ஓடியதும் கிறீஸ் இடவேண்டும் என்பது மைனர் வைத்திருப்போரிடையே வேதவாக்குப் போன்றது. கிறீஸ் வற்றினால் புரியின் பற்கள் சிறிது சிறிதாகக் கரையும். கரையும் காலத்தில் பேரோசை எதுவும் எழாது. எந்நேரமும் ஒரே திசையில் இழுபட்டு நிற்கும் மூட்டிலே தட்டுவதற்கு இடமில்லை அல்லவா? சுக்கான் சற்றுக் கடினமாகலாம், அவ்வளவே. ஒருநாள் மிச்சப் பற்களும் அறும். கிங்பின் கட்டையை விட்டுக் கழன்று, சில்லு மடிந்து, வண்டியின் முன்மூலை தரையிலே விழும். சுக்கானை முழுதும் ஒடித்து மெல்லத் திரும்பும் வேளையில் இது நேர்ந்தால் தப்பலாம். மலைப்பாதை இறக்கத்தில் நேர்ந்தால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. ஓயாது கடகடவென்று குலுங்கும் தளர்ந்த மூடியொன்று சாரதியை எரிச்சலூட்டும், கொல்லாது. கொல்லக்கூடியதோ வாய் திறவாதிருக்கும்.

ஆதலின், ஓசையைக் கேட்பதோடு நில்லாது ஓசையற்ற தேய்வையும் தேடுவதே நல்ல திருத்துநரின் முறையாயிற்று. பாரிஸ் நகரில் 1816இல் லெனெக் என்னும் மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டார். கேட்ட ஒலியை உடலின் எந்த உறுப்போடு இணைப்பது என்பதே அவர் எதிர்நோக்கிய வினா. கராஜில் வேலை செய்வோரும் அதே வினாவை எதிர்நோக்கினர். இரும்பின் வழியே ஒலி வெகுதூரம் ஓடும். இடப்பக்கத்துத் தட்டல் வலப்பக்கத்துக் கதவிலே கேட்கும். காதை மட்டும் நம்பிப் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் செலவே மிஞ்சும். எனவே, ஓசை எப்போது எழுகின்றது என்பதை முதலிற் கேட்டனர்.

பிறேக் அழுத்தும்போதோ வண்டி புறப்படும்போதோ ஒரேயொரு முறை டொக்கென்றால், கீழ்க்கரத்தின் புஷ்ஷை ஐயுறல் வேண்டும். கரம் முன்னும் பின்னும் நகர்கின்றது என்பதே அதன் பொருள். சிறு கற்கள் மீது மெல்லச் செல்லும்போது கடகடத்தால், சரிவைத் தடுக்கும் தண்டின் இணைப்புகளையோ சுக்கான் தண்டுகளின் முனைகளையோ பார்த்தல் வேண்டும். வேகத்தோடு கூடிக் குறையும் இரைச்சல் பெரும்பாலும் சில்லுப் பெயரிங்கினுடையது. இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச்சில்லுக்கு மாறும். அவ்வேளை இரைச்சல் உயர்ந்தால் வலப்பக்கத்துப் பெயரிங்கே குற்றமுடையது எனலாம். டயரின் ஒழுங்கற்ற தேய்வும் இவ்வாறே இரையும் ஆதலால், டயரை மாற்றிப் பூட்டிப் பார்ப்பதும் அறிவுடைமையாகும்.

அடுத்தது கையினாற் செய்யும் சோதனை. சில்லைத் தரையினின்றும் தூக்கி, கடிகாரத்தின் 12, 6 என்னும் நிலைகளிற் பற்றி உள்ளும் புறமும் அசைத்தல் வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அது பெயரிங்கினதா, கிங்பின்னினதா? ஒருவர் உள்ளே அமர்ந்து பிறேக்கை அழுத்தட்டும். பிறேக் சில்லைப் பற்றிக்கொண்டதும் ஆட்டம் மறைந்தால் பெயரிங். மறையாவிடின் கிங்பின் அல்லது அதன் இடத்தில் நிற்கும் மூட்டு. 9, 3 என்னும் நிலைகளில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் சுக்கான் தண்டின் முனைகளைப் பார்த்தல் வேண்டும். காசில்லாத இச்சோதனை பல வீண் செலவுகளைத் தடுத்திருக்கிறது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜக்கை எவ்விடத்தில் வைப்பது என்பதே அது. மைனரிற்போல வில் கீழ்க்கரத்தை அழுத்தும் அமைப்பாயின், கீழ்க்கரத்தின் அடியிலே, சில்லுக்கு அண்மையில் ஜக்கை வைத்துத் தூக்கவேண்டும். அப்போதுதான் பாரம் தாங்கும் மூட்டு விசையினின்றும் விடுபட்டுத் தன் தேய்வைக் காட்டும். உடலைத் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டால், தேய்ந்த மூட்டும் வில்லின் அழுத்தத்தில் இறுகி நின்று தன் குற்றத்தை மறைத்துவிடும். பரிசோதித்தும் பயனில்லாமற் போவது பரிசோதியாமையினும் தீது. அது பொய்யான நம்பிக்கையைத் தருகின்றது.

இத்தகைய அறிவு இலங்கையில் மிகுந்த மதிப்புப் பெற்றமைக்குக் காலச் சூழலும் காரணமாயிற்று. 1960களிலிருந்து 1977 வரையும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த வண்டியைப் பேணுவதே வழியாயிற்று. 1990களில் யுத்தம் சூழ்ந்த யாழ்ப்பாணத்திலே எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாயிருந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களே நோயாளிகளையும் முதியோரையும் சுமந்தன. ஒரு பாகத்தைத் தவறாகக் கழற்றி எறிய இடமில்லாத காலம் அது. எது தேய்ந்தது என்று சரியாகக் கண்டறிவது பணத்தைப் பற்றிய காரியமாக மட்டும் இருக்கவில்லை. அதே பத்தாண்டில், இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்தின் தொடர்போடு, மைனருக்கு வேண்டிய பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு ஏற்றுமதியாயின என்பதும் நினைவுகொள்ளத் தக்கது.

உலகின் பிற பகுதிகளில் கிங்பின்னின் காலம் அதற்கு முன்னரே முடிந்துகொண்டிருந்தது. ஏர்ல் மக்பேர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் அமைத்த நிமிர்ந்த தூண், 1950இல் ஆங்கில ஃபோர்ட் நிறுவனத்தின் கொன்சல், செஃபர் கார்களிலே இடம்பெற்றது. அத்தூண் அதிர்வுதாங்கியாகவும் மேற்கரமாகவும் ஒருங்கே உழைத்தது. 1952இல் அமெரிக்காவின் லிங்கன் கார் கிங்பின்னைக் கைவிட்டு, பந்தும் கிண்ணமும் போன்ற ‘போல் ஜொயின்ற்’றை ஏற்றது. 1959இல் இசிகோனிசே தமது இரண்டாம் புகழாகிய மினியைப் படைத்தார். எந்திரம் முன்சில்லுகளையே சுழற்றிய அக்காரின் வெற்றிக்குப் பின்னர், சில்லைத் திருப்பியபடியே சுழற்றும் மூட்டு உலகெங்கும் பரவிற்று. அம்மூட்டுத் தேய்ந்தால், சுக்கானை முழுதும் ஒடித்துச் செல்லும்போது டிக்டிக்கென்னும் ஓசை பிறக்கும். மாட்டு வண்டிக்காரன் கேட்டறியாத புதிய சொல் அது. மக்பேர்சன் தூணோ, அதன் உச்சியிலுள்ள தாங்கி தளர்ந்தபோது தட்டிற்று. சுக்கானைத் திருப்புகையில் சுருள்வில் சிக்கி விடுபட்டு அதிர்ந்தது.

புதிய மூட்டுகளில் பலவற்றைக் கிறீசோடு றப்பர் உறையிட்டு மூடிவிட்டனர். நிப்பிள் மறைந்தது. சாரதிக்கு ஒரு வேலை குறைந்தது உண்மையே. ஆனால், கிறீஸ் இடுவதற்காக வண்டியின் கீழே சென்று பார்த்த வழக்கமும் அதனோடு மறைந்தது. உறை கிழிந்து மணலும் நீரும் உட்புகுவதைக் காண அங்கே ஒருவரும் இல்லை. இந்நாளில், முன்பக்கத்துக் கரங்களிற் பல சிறு ஒலிவாங்கிகளைப் பூட்டி, வண்டி ஓடும்போதே எவ்விடத்து ஓசை பெரிதெனக் கேட்டறியும் கருவிகள் வந்துள்ளன. எந்திர இரைச்சல் அற்ற மின்சாரக் கார்களிலே சில்லுகளின் சிறு முறையீடும் முன்னினும் தெளிவாகக் கேட்கின்றது. கருவி ஓசையின் இடத்தைச் சொல்லும். ஓசையற்ற தேய்வைக் காண மட்டும், சில்லைத் தூக்கிக் கையினால் அசைத்துப் பார்க்கும் பழைய முறையே இன்றும் துணை நிற்கின்றது.

முன்சில்லின் முறையீடு கேட்டால் அதன் பொருளை அறிதல் நன்று. கேட்டுக்கொண்டிருந்த முறையீடு திருத்தமின்றியே ஒருநாள் நின்றுபோனால், அன்றைக்கே வண்டியின் அடியிற் குனிந்து பார்த்தல் அதனினும் நன்று.